காணொளிக்கும் பாயிரம் வேண்டும்

நூலைக் கற்கப் புகுவோர் முதற்கண் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழ் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுவதற்கு முன்னரே பாயிரத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். பாயிரத்திற்கு அவர் தரும் பெயர்களுள் ஒன்று நூன்முகம் என்பது. நூலுக்கு முகம் போன்றது என்பது அதன் பொருள். முகத்தைக் கண்டே ஒருவரோடு பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது மக்கள் இயல்பு. நூலுக்கும் அஃதே என்று கண்டனர் பண்டைய ஆசிரியர்.

இன்று பாடம் நூலாக மட்டும் வருவதில்லை, காணொளியாகவும் வருகின்றது. மலேசியாவில் 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, தமிழாசிரியர் பலர் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டனர். பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் அவருள் சிலர் அப்பணியை விடவில்லை. யூடியூப் தளத்தில் சிறு சிறு அலைவரிசைகளாக இலக்கணமும், கணிதமும், அறிவியலும், கட்டுரைப் பயிற்சியும் தமிழில் கிடைக்கின்றன. ஆயினும் இரவெல்லாம் விழித்துச் செய்த பாடத்தை முப்பது பேர்தாம் பார்த்தார்கள் என்ற சோர்வு அவ்வாசிரியர்களிடையே காணப்படுகின்றது. பாடத்தில் குறையிருந்தால் அதனைத் திருத்தலாம். பாடம் நன்றாக இருந்தும் முகம் சரியாக அமையாததால் மாணவன் கடந்து போய்விடுகிறான் என்றால், அஃது எளிதில் நீக்கத்தக்க குறை அன்றோ? அந்த முகத்தை அமைக்கும் முறையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

முகப்புப் படம் யாது?

யூடியூப்பில் எந்தக் காணொளியும் முதலில் அசையாத ஒரு சிறு படமாகவே காட்சி தருகின்றது. மக்கள் வழக்கில் அதனைத் தம்ப்நெயில் என்பர். கட்டைவிரல் நகம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அது. அதன் சிறுமையைக் குறிக்க எழுந்த பெயர். தமிழில் முகப்புப் படம் எனலாம். படத்தின் கீழே காணொளியின் தலைப்பும், அலைவரிசையின் பெயரும், பார்த்தோர் எண்ணிக்கையும் இருக்கும். படத்தின் வலப்புறக் கீழ் மூலையில் காணொளியின் கால அளவு சிறு கட்டத்தில் தோன்றும்.

ஆசிரியர் தாமே படம் தராவிட்டால், அத்தளம் காணொளியிலிருந்து மூன்று காட்சிகளைப் பிடித்துக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். அம்மூன்றும் பெரும்பாலும் ஆசிரியர் கண்ணை மூடியிருக்கும் நொடியாகவோ, பாதி எழுதிய வெண்பலகையாகவோ அமைந்துவிடும். தம் தொலைபேசி எண்ணைத் தளத்தில் உறுதிப்படுத்திய எவரும் தாமே செய்த படத்தை ஏற்றலாம். அதற்குக் கட்டணம் இல்லை. படத்தின் அகலம் 1280 படப்புள்ளி, உயரம் 720 படப்புள்ளி, அதாவது 16க்கு 9 என்னும் விகிதம், என்பது தளம் பரிந்துரைக்கும் அளவு.

எண்பொருளில் மூன்று

படத்தில் எதை வைப்பது என்பதே முதல் வினா. இதற்கு விடை காண வெளிநாட்டு விளம்பர நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டிய பொருள்கள் எட்டு என்று நன்னூல் வரையறுத்திருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் படத்தின் கீழே எழுத்தாகவே வந்துவிடுகின்றன. வழி, எல்லை, யாப்பு ஆகியவற்றைக் காணொளியின் உள்ளே சொல்லிக்கொள்ளலாம். படத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை எஞ்சிய மூன்றே: எதைப் பற்றிய பாடம்? யாருக்கான பாடம்? பார்த்தால் என்ன கிட்டும்?

சிறிய அலைவரிசைகள் தவறுவது இவ்விடத்தில்தான். பலர் தம் அலைவரிசையின் சின்னத்தைப் பெரிதாகப் போடுகின்றனர். பள்ளியின் பெயரைப் போடுகின்றனர். வணக்கம் என்று கைகூப்பிய உருவத்தைப் போடுகின்றனர். மீதமிருக்கும் இடத்தில் "தமிழ் இலக்கணம், பாகம் 7" என்று எழுதுகின்றனர். தேடி வரும் மாணவனுக்கு இவற்றால் பயன் இல்லை. பெயர் பெற்ற அலைவரிசையாயின் முகத்தைக் கண்டே மக்கள் நுழைவர். பெயர் பெறாத அலைவரிசைக்கு அந்த வசதி கிடையாது. அறிமுகம் இல்லாதவனை ஒரே நொடியில் நிறுத்த வேண்டுமானால், அவனுடைய தேவையைத்தான் அவனுக்குக் காட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வல்லினம் மிகும் இடங்களைப் பற்றி ஒரு பாடம் எடுத்தாயிற்று என்று கொள்வோம். படத்தில் "வலி மிகும் இடங்கள்" என்று மட்டும் எழுதினால், இலக்கணம் அறிந்தவர்க்கு அது விளங்கும். அறிந்தவருக்கு அப்பாடம் தேவையில்லை. அறியாத மாணவனோ மருத்துவக் காணொளி என்று எண்ணிப் போய்விடக் கூடும். அதற்கு மாறாகப் பள்ளிப் பெயர்ப்பலகை போன்ற ஒரு பலகையை வரைந்து, "தமிழ்" என்பதற்கும் "பள்ளி" என்பதற்கும் இடையே ஒரு வெற்றுக் கட்டத்தை விட்டு, அதில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி இட்டால் எப்படி இருக்கும்? "ப்" வருமா வராதா என்ற ஐயம் பார்த்தவுடனேயே அவன் உள்ளத்தில் எழும். ஒரு மூலையில் "படிவம் 4, 5" என்று குறித்தால் கேட்போர் யாவர் என்பதும் தெரிந்துவிடும். பொருள், கேட்போர், பயன் மூன்றும் இரண்டே சொல்லில் அடங்கின.

கணிதப் பாடத்திற்கும் இம்முறை பொருந்தும். பின்னங்களைக் கூட்டும் பாடத்திற்கு, அறிவுக்களை சொட்டும் சிறுவனின் ஓவியம் எதையும் சொல்வதில்லை. ரொட்டிச் சானாய் ஒன்றை வட்டமாக வைத்து, நான்கில் ஒரு பங்கை அறுத்துச் சற்றே விலக்கி, பக்கத்தில் "½ + ¼ = ?" என்று எழுதினால், நான்காம் ஆண்டு மாணவனும் அவன் தாயும் ஒருங்கே புரிந்துகொள்வர்.

கடைசி வரிசை மாணவன்

ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையில் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் சொல்லப்படுவது, கடைசி வரிசையில் இருப்பவன் படிக்க வேண்டும் என்பது. முகப்புப் படத்திற்கும் அதுவே அடிப்படை விதி. ஆசிரியர் தம் கணினியில் திரை நிறைய விரித்து வைத்துப் படம் வரைகிறார். மாணவன் அதனைக் காண்பதோ கைப்பேசியில், சில இடங்களில் தீப்பெட்டி அளவில். 1280 புள்ளி அகலத்தில் வரைந்த படம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குமாயின், 80 புள்ளி உயரத்தில் எழுதிய எழுத்து 10 புள்ளியாகிவிடும். அதன் தலைமேல் 16 புள்ளி அகலத்தில் இட்ட மெய்ப்புள்ளி வெறும் 2 புள்ளியாகிவிடும்.

ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிவுரைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாமைக்குக் காரணம் இதுவே. தமிழ் எழுத்தில் உயிர்நாடி புள்ளியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐ என்னும் சிற்றெழுத்தின் மேல் உள்ள புள்ளி மறைந்தாலும் சொல் கெடாது. தமிழில் மெய்யின் புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். புள்ளி மறைந்த "கல்வி" எத்துணைத் தகாத சொல்லாகும் என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆதலின் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது புள்ளி பெரிதாகவும் எழுத்தை ஒட்டாமலும் நிற்கிறதா என்று முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து, தடித்த எழுத்துரு எல்லாம் தெளிந்த எழுத்துரு ஆகாது. மிகத் தடித்த எழுத்துகளில் "ண", "ஞ", "ஜ" போன்றவற்றின் சுழிகள் உள்ளே அடைபட்டுக் கரிய திட்டாகிவிடும். நடுத்தரத் தடிப்பே நன்று. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி முதலிய எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தடிப்புகளிலும் வருகின்றன. தாம் எழுதப்போகும் அதே சொற்களை இரண்டு மூன்று எழுத்துருக்களில் எழுதி, சுருக்கிப் பார்த்து, எது தெளிவாக நிற்கிறதோ அதனைக் கொள்ளலாம்.

மூன்றாவது, வரி இடைவெளி. தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் கை நீட்டுவன. "கீ", "மீ" மேலே வளைகின்றன. "கூ", "மு", "ரு" கீழே இறங்குகின்றன. இரண்டு வரிகளை நெருக்கி எழுதினால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் மோதிக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிடச் சற்று மிகுதியான இடம் விடுதல் தேவை.

நான்காவது, சொல்லின் நீளம். படத்தில் நான்கைந்து சொற்கள் எழுதலாம் என்பது ஆங்கிலத்தாரின் கணக்கு. தமிழில் "வேற்றுமைத்தொகை" என்னும் ஒரே சொல் அவ்விடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தமிழில் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுதல் வேண்டும்; ஏறத்தாழப் பன்னிரண்டு, பதினைந்து எழுத்துகளுக்குள் முடித்தால் பெரிதாக எழுத இடம் இருக்கும். நீண்ட சொல்லை இரண்டு வரியாக்க நேர்ந்தால் பொருள் முறியும் இடத்தில் முறிக்க வேண்டும். "வேற்றுமைத்" என்று ஒரு வரியும் "தொகை" என்று மறு வரியும் ஆகலாம். "வேற்று" என்றும் "மைத்தொகை" என்றும் பிரித்தால், கருமையைப் பற்றிய புதிய தொகை ஒன்று பிறந்துவிடும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. படம் வரையும் கருவிகள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் குலைந்துவிடுவதுண்டு. "கொ" என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறி நிற்கும். படத்தைச் சேமித்த பின் எழுத்தெழுத்தாக ஒரு முறை வாசித்துவிட்டே ஏற்றுதல் வேண்டும். பிழையோடு தொங்கும் இலக்கணப் பாடத்தின் முகம், அந்தப் பாடத்திற்கே எதிர்ச்சாட்சி.

படமும் வண்ணமும்

எழுத்து முடிந்தது; இனி ஓவியம். ஒரு படத்தில் ஒரு பொருள் என்பது இங்கே விதி. கரும்பலகை, புத்தகம், ஆசிரியர், மாணவர், கொடி, பூங்கொத்து என்று ஆறு பொருள்களை அடுக்கினால் ஒன்றும் கண்ணில் படாது. கண் முதலில் விழும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதன் அருகே சொல் இருக்கட்டும். மற்ற இடம் வெறுமையாகவே இருக்கட்டும். வலப்புறக் கீழ் மூலையில் மட்டும் எதையும் எழுதலாகாது. கால அளவுக் கட்டம் அதனை மறைத்துவிடும்.

வண்ணத்தில் அழகைவிட வேறுபாடு முக்கியம். வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்தும், கருநீலத்தில் சிவப்பு எழுத்தும் தனித்தனியே அழகிய வண்ணங்கள்தாம். சேர்ந்தால் படிக்க இயலாது. கரும்பலகையும் வெண்கட்டியும் இத்தனை தலைமுறை நிலைத்ததற்குக் காரணம், கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள தொலைவே. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, அப்போதும் எழுத்து பளிச்சென்று நின்றால் வண்ணச் சேர்க்கை சரி என்று கொள்ளலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர்களுக்கும் அப்படம் பயன்படும்.

மனித முகம் கண்ணை ஈர்க்கும் என்பது உண்மை. அதனால்தான் வாயைப் பிளந்து, விழியை உருட்டிய முகங்கள் எங்கும் காணப்படுகின்றன. ஆசிரியர் அக்கோலத்தைப் பூண வேண்டியதில்லை. வகுப்பில் இருப்பது போன்ற இயல்பான முகத்தோடு, பாடப் பொருளைச் சுட்டும் கையோடு நின்றால் போதும். மாணவர் முகங்களைப் பயன்படுத்துவதில் மிகுந்த கவனம் வேண்டும். பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளையின் முகத்தை உலகம் காணும் இடத்தில் வைத்தல் முறையன்று. பாடத்துக்குத் தொடர்பில்லாத திரைப்பட நடிகரின் படத்தை ஒட்டுவதும் அவ்வாறே; அது பிறர் உடைமை என்பதோடு, வருபவனை ஏமாற்றுவதுமாகும்.

ஒரே அலைவரிசையின் படங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல் இருத்தல் நன்று. ஆண்டு எண்ணை எப்போதும் இடப்புற மேல் மூலையில் வைத்தல், இலக்கணத்துக்கு ஒரு நிறப் பட்டை, கணிதத்துக்கு வேறு நிறப் பட்டை என்று ஒதுக்குதல் போன்ற சிறு ஒழுங்குகளே போதும். ஒரு பாடத்தால் பயனடைந்த மாணவன் அடுத்த முறை அந்தப் பட்டையைக் கண்டதுமே அடையாளம் கண்டுகொள்வான்.

மிகைபடக் கூறல்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூல் கூறும். அவற்றுள் மூன்று முகப்புப் படத்திற்கென்றே சொல்லப்பட்டவை போல் இருக்கின்றன. ஒன்று, கூறியது கூறல். கீழே தலைப்பில் உள்ள சொற்களையே படத்திலும் எழுதி இடத்தை வீணாக்குவது இது. தலைப்பு சொல்வதைப் படம் நிறைவு செய்ய வேண்டுமேயன்றி எதிரொலிக்கக் கூடாது. இரண்டாவது, மற்றொன்று விரித்தல். படம் ஒன்றைக் காட்ட, காணொளி வேறொன்றைப் பேசுவது. மூன்றாவது, மிகைபடக் கூறல். "இதைப் பார்த்தால் எஸ்.பி.எம். தமிழில் உறுதியாக ஏ பிளஸ்" என்று படத்தில் எழுதுவது இவ்வகை.

நாணயத்தோடு இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. சற்று மிகைப்படுத்தினால்தான் கூட்டம் வருகிறது என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் சிறிது உண்மை இருந்த காலம் ஒன்று உண்டு. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதையே தளம் பெரிதாகக் கருதிய காலம் அது. 2012ஆம் ஆண்டில் யூடியூப் தன் முறையை மாற்றியது. திறந்தவர் எத்தனை நேரம் பார்த்தனர் என்பதற்கு அது முதன்மை தரத் தொடங்கியது. அதன்பின், பொய்ப் படத்தை நம்பி உள்ளே வந்தவன் பத்து நொடியில் வெளியேறினால், அவ்வெளியேற்றமே அக்காணொளிக்கு எதிராக நிற்கிறது. பெரிய அலைவரிசை அத்தகைய இழப்பைத் தாங்கலாம். நாற்பது பேர் வரும் இடத்தில் முப்பது பேர் ஏமாந்து திரும்பினால் சிறிய அலைவரிசை தாங்காது. காணொளியில் இல்லாததைத் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் உறுதியளிக்கும் காணொளிகளின்மேல், சிறப்பாகச் செய்தி தொடர்பானவற்றின்மேல், இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப் போவதாக 2024 திசம்பரில் அத்தளம் அறிவித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தளத்தின் விதி ஒருபுறம் இருக்கட்டும். தேர்வுக்கு முந்திய இரவில் ஒரு மாணவன் ஐயம் தெளியத் தேடுகிறான். கூடுதல் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை. அவனிடம் உள்ளது தாயின் கைப்பேசியும் ஒரு மணி நேரமும். பொய்யான முகம் அவனுடைய இருபது நிமிடத்தைத் திருடுகிறது. அதைவிடக் கொடியது, தமிழில் தேடினால் இப்படித்தான் கிடைக்கும் என்ற எண்ணத்தை அவனிடம் விதைத்துவிடுகிறது.

எண்ணிப் பார்த்தல்

படம் நன்றாக அமைந்ததா என்பதை அறியத் தளமே சில கணக்குகளைத் தருகின்றது. ஒரு படம் பார்ப்போர் திரையில் பாதிக்குமேல் தெரிந்து ஒரு நொடிக்கு மேல் நின்றால், அது ஒரு முறை காட்டப்பட்டதாகக் கணக்காகும். 400 முறை காட்டப்பட்டு 20 முறை திறக்கப்பட்டால் திறப்பு விழுக்காடு 5. எல்லா அலைவரிசைகளிலும் காணொளிகளிலும் பாதியளவு 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் அமைகின்றன என்று யூடியூப்பே கூறுகின்றது. ஆகவே 4 விழுக்காடு கண்டு மனம் உடைய வேண்டியதில்லை.

இக்கணக்கைப் படிப்பதில் இரு கவனங்கள் தேவை. முதலாவது, சிறு எண்ணிக்கையை நம்பி முடிவு கட்டலாகாது. 40 முறை காட்டப்பட்டதில் இருவர் திறந்தால் 5 விழுக்காடு. நால்வர் திறந்தால் 10 விழுக்காடு. அந்த இருவர் ஆசிரியரின் தங்கையும் மைத்துனருமாக இருக்கலாம். இரண்டாவது, முதல் நாளில் விழுக்காடு உயர்ந்தும் பின்னர்த் தாழ்ந்தும் வருவது இயற்கை. தொடக்கத்தில் அறிந்தவர்க்கே மிகுதியாகக் காட்டப்படும் படம், பிறகு அறியாதவர்க்கும் காட்டப்படுகிறது. விழுக்காடு குறைந்தாலும் புதியவர் வருகின்றனர் எனில் அது வளர்ச்சியே.

ஒரே காணொளிக்கு மூன்று படங்கள் வரை கொடுத்து, எதனால் பார்க்கும் நேரம் மிகுகிறது என்று ஒப்பிடும் வசதியையும் அத்தளம் 2024இல் பரவலாக வழங்கியது. காண்போர் சிலரேயுள்ள அலைவரிசையில் அதன் முடிவு தெளிவாக வரக் காலம் பிடிக்கும். அதுவரை எளிய சோதனை ஒன்று உண்டு. படத்தைக் கைப்பேசியில் இட்டு, கை நீட்டிய தொலைவில் பிடித்து, பாடத்தை அறியாத ஒரு பிள்ளைக்கு ஒரு நொடி காட்டி மறைத்து, "இது எதைப் பற்றியது?" என்று கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும் விடை பாடத்தின் பொருளோடு ஒத்திருந்தால் படம் தேறியது. ஒவ்வாவிடில், பிள்ளையைத் திருத்தாமல் படத்தைத் திருத்த வேண்டும். முன்பே ஏற்றிய காணொளிகளுக்கும் படத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், காண்பாரின்றிக் கிடக்கும் பழைய பாடங்களிலிருந்தே இவ்வேலையைத் தொடங்கலாம்.

பாயிரம் இல்லாத நூலை நூலாகவே எண்ணாத மரபு நம்முடையது. ஆயினும் பாயிரத்தை நூலாக எண்ணிய மரபு எக்காலத்தும் இருந்ததில்லை. முகப்புப் படம் மாணவனைப் பாடத்தின் வாயில்வரை அழைத்து வரும். உள்ளே அவனை இருத்துவது பாடமே. ஒரு காணொளிக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அதன் முகத்துக்கு ஒதுக்கினால் போதும். மற்ற ஒன்பது பங்கும் பாடத்துக்கே உரியன.